பிடித்தால் நகரக் கூடாது

மாமனார் விழக் கூடாது. யுத்தம் நடந்துகொண்டிருந்த அந்த வருஷங்களில் மாட்டுங்காவில் எங்கள் வீட்டுக்கு இருந்த ஒரே கவலை அதுதான். ஊரெல்லாம் ரேஷன் அரிசியைப் பற்றியும் ஜப்பான்காரனைப் பற்றியும் பேசிக்கொண்டிருந்தபோது நாங்கள் தரையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். தரை வழுக்குகிறதா, எங்கேயாவது தண்ணீர் சொட்டியிருக்கிறதா, நடக்கிற வழியில் யாராவது எதையாவது வைத்துவிட்டார்களா. விருந்தாளி வந்தால் ‘வாங்கோ’ என்பதற்கு முன்னால் ‘செருப்பை ஓரமா விடுங்கோ’ என்று சொல்கிற வீடாக ஆகிவிட்டோம்.

மாமனார் ஒரு ரயில்வே ஆபீஸில் ஹெட் கிளார்க்காக இருந்து ரிட்டையர் ஆனவர். மீசை முளைக்கிற வயதில் பாலக்காட்டிலிருந்து பம்பாய்க்கு வந்து, டைப்பும் சுருக்கெழுத்தும் படித்து, ஒரே ஆபீஸில் காலத்தைத் தள்ளியவர். நான் கல்யாணமாகி வந்த புதிதில் அவர் என்னோடு நேராகப் பேசியதே இல்லை. காபி வேண்டுமென்றால் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து ‘காபி ஆச்சோ?’ என்பார். நானும் கடிகாரத்துக்குக் கீழே கொண்டுபோய் வைத்துவிட்டு வந்துவிடுவேன். மருமகளும் மாமனாரும் அந்த நாளில் அவ்வளவுதான். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

பிறகு அவருக்கு மறக்க ஆரம்பித்தது. முதலில் கண்ணாடியை வைத்த இடம், அப்புறம் கிழமை, அப்புறம் தான் ரிட்டையர் ஆனது. ‘ஓர்மை தப்பிப் போயிடுத்து’ என்று மாமியார் சொன்னார். டாக்டர் நாடி பார்த்து, நாக்கை நீட்டச் சொல்லி, ‘வயசானா இப்படித்தான்’ என்று சொல்லிவிட்டுப் போனார். அதற்கு ஒரு வியாதிப் பெயர் உண்டென்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. காலையில் எழுந்ததும் கோட்டை மாட்டிக்கொண்டு ஆபீஸுக்குக் கிளம்பிவிடுவார். கால்களுக்கும் நடக்கிற விதம் மறந்துபோயிருக்க வேண்டும். பாதத்தைத் தூக்கி வைக்காமல் தேய்த்துத் தேய்த்து நடந்தார்.

முதல் தடவை விழுந்தது சனிக்கிழமை எண்ணெய் ஸ்நானத்தன்று. ஆண்பிள்ளைகள் குளித்த பிறகு குளியலறைக் கல்லில் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும் என்பது எந்தத் தமிழ் வீட்டிலும் தெரிந்த விஷயம்தான். சீயக்காய்ப் பொடியைத் தூவித் தேய்த்துக் கழுவ வேண்டும். என் கணவர் குளித்ததும் நான் கழுவியிருக்க வேண்டும். அதற்குள் மாமனார் உள்ளே போய்விட்டார். நெற்றியில் ஒரு நெல்லிக்காய் அளவு வீக்கத்தோடு போயிற்று.

இரண்டாம் தடவை ஊஞ்சல். பம்பாயில் இரண்டாம் மாடிக் குடித்தனத்திலும் முன்னறையில் ஊஞ்சல் மாட்டாமல் எங்கள் ஜனங்களுக்குச் சாப்பிட்ட சாப்பாடு ஜீரணமாகாது. மாமனார் எத்தனையோ வருஷமாக உட்கார்ந்த பழக்கத்தில், திரும்பிப் பார்க்காமல் பின்பக்கமாக உட்காரப் போனார். பலகை பின்னால் நகர்ந்தது. அவர் தரையில் உட்கார்ந்தார். போன பலகை திரும்பி வந்து பின்மண்டையில் இடித்தது. ரத்தம் கொஞ்சந்தான், ஆனால் வெள்ளை பனியன், பார்க்கப் பயங்கரமாக இருந்தது.

அன்றைக்குத்தான் என் கணவர் பரேலில் தான் வேலை பார்க்கிற மில்லை வீட்டுக்குக் கொண்டுவந்தார். அவர் அங்கே ஆபீஸில் டைப்பிஸ்ட். மிஷினுக்குப் பக்கத்தில்கூடப் போகாதவர். ஆனால் மில்லில் பெல்ட் ஓடுகிற இடத்துக்கெல்லாம் கம்பி வேலி போட்டார்கள், அந்த உத்தரவை இவர்தான் டைப் அடித்தார். அதிலிருந்து அவருக்கு உலகத்தில் இருப்பதெல்லாம் வேலி போட வேண்டிய சாமான்களாகத் தெரிய ஆரம்பித்தன. ஞாயிற்றுக்கிழமை காபி குடித்துவிட்டு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, அறை அறையாகப் போய் ஒவ்வொரு சாமானையும் பிடித்து ஆட்டிப் பார்ப்பார்.

“பிடிச்சா நகரற சாமான் ஒண்ணும் இந்த ஆத்துல இருக்கப்படாது” என்றார். அதுதான் சட்டம்.

ஊஞ்சல் போயிற்று. மடக்குகிற ஈஸிசேர் போயிற்று. அதன் கட்டை நழுவினால் விரல் நசுங்கும். வாசல் மிதியடி போயிற்று. குளியலறை மணைக்குக் கீழே ரப்பர் துண்டு வைத்து அடித்தார். கரி அடுப்பு தரையிலிருந்து மேடைக்கு ஏறியது. யுத்தத்துக்காக ஜன்னலுக்கெல்லாம் கறுப்புக் காகிதம் ஒட்டியிருந்ததால் சாயங்காலம் ஆனதுமே வீடு இருண்டுவிடும். அதற்காக நடையின் மூலையில் ஒரு அரிக்கேனை ஆணியில் மாட்டினார். மாமியார் இதையெல்லாம் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, “உங்கப்பாவை ஒருத்தரைத் தவிர பாக்கி எல்லாத்தையும் கழட்டியாச்சு. இனி அவரையும் ஒரு ஆணியில மாட்டிட்டு ஆபீஸுக்குப் போ” என்றார்.

ஊஞ்சலைக் கழற்றவும் நடையில் கைப்பிடிக் கட்டை அடிக்கவும் தாராவியிலிருந்து ஒரு ஆசாரி வந்தார். திருநெல்வேலிக்காரர். எங்கள் வீட்டில் முன்னறைக்கும் சமையலறைக்கும் நடுவே நீளமான நடை உண்டு. மாமனாரின் அறையும் குளியலறையும் அந்த நடையில்தான் திறந்தன. தரை முழுக்க ஷாபாத் கல். அந்த நடையின் சுவர் நெடுக இடுப்பு உயரத்தில் தேக்குக் கட்டையை அடித்துவிட்டு, ஆசாரி அதில் தானே தொங்கிக் காட்டினார்.

“பாத்துக்கிடுங்க. ஆளு தொங்குனாலும் அசையாது. பெரியவரு இதப் பிடிச்சுக்கிட்டு டெல்லிவரைக்கும் நடக்கலாம்லா” என்றார்.

பெரியவர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஆயுசு முழுக்க நடந்த நடையில் திடீரென்று ஒரு கட்டை முளைத்திருப்பது அவர் கணக்கிலேயே வரவில்லை. ஒரு வாரத்தில் மாமியார் அதில் ஈரத் துண்டை உலர்த்தினார். இன்னொரு வாரத்தில் நான் வேஷ்டியை உலர்த்தினேன். என் கணவர் மில்லிலிருந்து வந்து பார்த்துவிட்டு, கொதித்துப்போய், ‘இது கொடி இல்லே’ என்று கத்தினார். எடுத்துவிட்டு மறுநாளே போட்டோம். பம்பாய் மழைக்காலத்தில் கட்டை ஒன்று சும்மா இருப்பதைப் பார்த்தால் எந்தப் பெண்பிள்ளைக்கு மனசு கேட்கும்?

மாமனார் பிடித்துக்கொண்டது என் கையை.

அது தற்செயலாக ஆரம்பித்தது. ஒரு நாள் காலை என் கணவர் வேலைக்குப் போய்விட்டார், மாமியார் பூஜையில் இருந்தார். மாமனார் கோட்டோடு வாசல் கதவைத் திறந்து, மாடிப்படியில் கால் வைக்கப் போனார். எனக்கு உயிரே போய்விட்டது. கூச்சம் பார்க்க நேரமில்லை. கையைப் பிடித்து, “அப்பா, பிளாட்பாரம் இந்தப் பக்கம். வாங்கோ” என்றேன். அவர் என்னைப் பார்த்தார். “வண்டி வந்தாச்சோ?” என்றார். “வந்தாச்சு” என்றேன். நடை வழியாக அழைத்துப்போய் முன்பக்கத்து பால்கனியில், தரையோடு ஆணி அடித்திருந்த கனமான நாற்காலியில் உட்கார வைத்தேன். கீழே ரோட்டில் டிராம் போவதைப் பார்த்துக்கொண்டு மத்தியானம்வரை உட்கார்ந்திருந்தார். நடுவில் நான் வந்தபோது டிக்கெட் பரிசோதகர் என்று நினைத்தாரோ என்னவோ, “பாஸ் ஹை” என்று கோட்டுப் பையைத் தட்டிக் காட்டினார்.

அதிலிருந்து அது தினசரிப் பழக்கம். அறை வாசலில் வந்து நிற்பார். ‘வண்டி வந்தாச்சோ?’ என்று வலது கையை நீட்டுவார். நான் எங்கிருந்தாலும் ஓடிவந்து பிடித்துக்கொள்வேன். பிடித்த உடனே தன் பாரம் முழுவதையும் என் மேல் போட்டுவிடுவார். நான் பிடித்தேனா இல்லையா என்று பார்க்கவே மாட்டார். நல்ல உயரமான மனிதர். முதல் சில நாள் என் தோள்பட்டை கழன்றுவிடும் போல வலித்தது. பிறகு பழகிவிட்டது. பழகியது மட்டுமில்லை, எனக்குப் பெருமையாகவும் இருந்தது. சொந்தப் பிள்ளை கூப்பிட்டால் வராதவர், பெண்டாட்டி கூப்பிட்டால் முறைக்கிறவர், நான் கை கொடுத்தால் ஆட்டுக்குட்டி மாதிரி வருகிறார் என்று அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொண்டேன். “எல்லாக் கட்டையும் தண்டம். நீ இருக்கயே, அது போறும்” என்று என் கணவரும் சொன்னார்.

இங்கே மாமியாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். கைராசிக்காரர், வாய்ச் சாமர்த்தியக்காரர், மடி விஷயத்தில் மட்டும் நெருப்பு. காலையில் குளித்து, தனியாக உயரக் கொடியில் கோலால் உலர்த்தின புடவையைக் கட்டிக்கொண்டால் அது மடி. அதற்கப்புறம் குளிக்காத மனிதர்களையோ, படுத்த படுக்கையையோ, பெட்டியில் இருந்த துணியையோ தொடக் கூடாது. தொட்டால் மறுபடி குளியல், மறுபடி வேறு புடவை, சமைத்தது எல்லாம் விழுப்பு. நான் வந்த புதிதில் ஒரு தரம் குளிக்காமல் ஊறுகாய் ஜாடியைத் தொட்டுவிட்டு அவரிடம் வாங்கிய பேச்சு இன்றைக்கும் காதில் இருக்கிறது. ‘தள்ளி நில்லு, நான் மடி’ என்பதுதான் அந்த வீட்டில் நான் முதலில் கற்றுக்கொண்ட பாடம். நன்றாகவே கற்றுக்கொண்டேன். குளிக்காத குழந்தை தெருவில் எதிரே வந்தால்கூட என் உடம்பு தானாக ஒதுங்கும்.

சாதாரண நாட்களில் இதற்கு ஒரு ஏற்பாடு இருந்தது. மாமனார் வண்டிக்குக் கிளம்புகிற வேளையில் மாமியார் மடியாக அடுப்படியில் இருப்பார். நான் வெளிவேலை பார்ப்பேன். அவரைத் தொடுகிற ஆள் நான், சமையலைத் தொடுகிற ஆள் அவர். நாங்கள் பேசி முடிவு செய்த ஏற்பாடு இல்லை. தானாக அமைந்தது.

மாமனாரின் அப்பாவுக்குத் திவசம் வந்தது. அவர் மூத்த பிள்ளை. ஓர்மை இருந்த நாள்வரை அதை ஒரு வருஷம்கூட விட்டவரில்லை. இந்தத் தடவை குளிப்பாட்டி உட்கார வைத்தால் போதும், மந்திரத்தையும் மற்றதையும் பிள்ளையை வைத்துப் பார்த்துக்கொள்ளலாம் என்று புரோகிதம் பண்ணிவைக்கிற வாத்தியார் சொல்லியிருந்தார். திவசச் சமையலுக்கு ஒரு ஆள் போதாது. நானும் மடியாக இருந்தாக வேண்டும். அரிசி ரேஷனில்தான் கிடைக்கும். மாமியார் பல வாரமாக எங்கள் சாப்பாட்டில் பிடித்துப் பிடித்துப் பச்சரிசி சேர்த்துவைத்தார். உளுந்தும் வெல்லமும் செம்பூரிலிருந்த நாத்தனார் வீட்டிலிருந்து வந்தன. இன்னொரு தடவை சமைக்க அந்த வீட்டில் சாமான் கிடையாது. திவசத்தன்று காலையிலேயே குழாயும் நின்றுவிட்டது. பிடித்துவைத்த தண்ணீர்தான்.

என் கணவர் வாழை இலை வாங்கக் கிளம்பினார். போகிற போக்கில் சமையலறைப் பக்கம் தலையை நீட்டி, “அப்பா தூங்கறார். நான் வர வரைக்கும் பார்த்துக்கோ” என்றார். நான் மடி, நான் எப்படிப் பார்த்துக்கொள்வது என்று அப்போதே கேட்டிருக்கலாம். அவர் யோசிக்கவில்லை, ஆண்பிள்ளை. எனக்கு எங்கே போயிற்று புத்தி? தலையை ஆட்டினேன். எள்ளு வறுபட்டுக்கொண்டிருந்தது, அது கருகிவிடக் கூடாதே என்பதுதான் எனக்கு அப்போது பெரிதாக இருந்தது.

கொஞ்ச நேரத்தில் தண்ணீர் எடுக்கக் குளியலறைக்குப் போனேன். பித்தளைக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு நடையில் திரும்பியபோது மாமனார் அறை வாசலில் நின்றுகொண்டிருந்தார். பனியனுக்கு மேல் கோட்டு. தூக்கக் கலக்கம். என்னைக் கண்டதும் முகம் தெளிந்தது.

“வண்டி வந்தாச்சோ?” என்று கையை நீட்டினார்.

“அப்பா, நான் மடி. தள்ளி நில்லுங்கோ” என்றேன்.

சொன்னதோடு நிற்கவில்லை. ஒரு அடி பின்னால் நகர்ந்தேன். குடம் இல்லாத கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனேன்.

அவர் வழுக்கி விழவில்லை. தரை உலர்ந்துதான் இருந்தது. என் கணவர் அப்புறம் முட்டிபோட்டு, உள்ளங்கையால் தடவித் தடவிப் பார்த்தார். மாமனார் தினமும் செய்வதைத்தான் செய்தார். கை இருக்கிறது என்று நம்பி, பாரத்தை முழுக்க முன்னால் போட்டார். அங்கே கை இல்லை. பக்கத்துச் சுவரில் கட்டை இருந்தது, அதில் என் கணவரின் வேஷ்டி தொங்கிக்கொண்டிருந்தது.

விழுந்த சத்தம் கேட்டு மாமியார் கரண்டியோடு வெளியே வந்தார். ஒரு பார்வை பார்த்தார். கரண்டியைப் போட்டார். அத்தனை மடியும் ஆசாரமுமாக இருந்த மனுஷி, தரையில் அப்படியே உட்கார்ந்து, படுக்கையிலிருந்து எழுந்துவந்த அந்தத் தலையைத் தூக்கித் தன் மடிப்புடவையில் வைத்துக்கொண்டார். “ஒண்ணுமில்லே, ஒண்ணுமில்லே” என்று அவர் நெற்றியைத் தடவினார். அப்புறம் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

நான் குடத்தோடு நின்றுகொண்டிருந்தேன். மாமனாரின் கால் என் புடவையில் பட்டுவிடாமல் ஒதுங்கி நின்றுகொண்டிருந்தேன்.

“என்னடி நிக்கறே? பிடிடி!” என்றார்.

அப்போதுதான் குடத்தைக் கீழே வைத்தேன்.

யோசிக்க நேரமே இல்லை என்றுதான் ஆஸ்பத்திரியில் கேட்டவர்களிடமும் வீட்டுக்கு வந்து கேட்டவர்களிடமும் சொன்னேன். நேரம் இருந்தது. ஒரு கணந்தான், ஆனால் அதில் எனக்கு அரிசி ஞாபகம் வந்தது, குழாய் நின்றது ஞாபகம் வந்தது, மாமியாரின் முகம் ஞாபகம் வந்தது. இவ்வளவும் நினைக்க நேரம் இருந்தவளுக்குக் கையை நீட்ட நேரம் இல்லையா? மாமியார் வளர்த்த வளர்ப்பு என்று அவர் தலையில் போட்டுப் பார்த்தேன். போட முடியவில்லை. அவருடைய மடி ஒரு நொடியில் கழன்று விழுந்ததை என் கண்ணால் பார்த்தேன். எனக்குத்தான் கழலவில்லை. எதிர்வீட்டு மாமி வந்து ‘எல்லாம் விதி’ என்றபோது எனக்கு அவளைப் பிடித்துத் தள்ளிவிடலாம் போல இருந்தது.

வாத்தியார் வந்தார். நடந்ததைச் சொன்னோம். “இதுக்கென்ன, வழி இருக்கு. அரிசியும் வாழைக்காயுமா எடுத்துக் குடுங்கோ, போறும். பித்ருக்களுக்குத் தெரியாதா?” என்றார். பக்கத்து வீட்டில் கடன் வாங்கின கொஞ்சம் அரிசியோடு அது முடிந்துபோயிற்று. அவ்வளவு சுலபமாக ஒரு வழி இருந்திருக்கிறது. அதை வீட்டில் எல்லோரும் அறிந்திருந்தார்கள், நானும் எங்கோ கேள்விப்பட்டிருந்தேன். எந்தச் சமையலைக் காப்பாற்றக் கையை இழுத்துக்கொண்டேனோ, அந்தச் சமையலை அன்று சாயங்காலம் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்து நாங்களே சாப்பிட்டோம். மாமியார்தான் பரிமாறினார். எனக்குப் பசித்தது, அதற்காகவும் என்னை எனக்குப் பிடிக்கவில்லை.

இடுப்பெலும்பு முறிந்திருந்தது. ஆஸ்பத்திரியில் காலில் பட்டி கட்டி, கட்டில் முனையில் மணல் மூட்டையைத் தொங்கவிட்டு, அசையாமல் படுக்கச் சொன்னார்கள். யாரிடம் சொல்கிறார்கள்? அவருக்கு ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தரம் ஆபீஸ் போக வேண்டும். மூட்டையோடு எழுந்திருக்கப் பார்ப்பார், கயிறு இழுக்கும், அலறுவார். ஏன் வலிக்கிறது என்று அவருக்குத் தெரியாது. சொன்னாலும் அடுத்த நிமிஷம் மறந்துபோகும். கடைசியில் கைகளைத் துணியால் கட்டிலோடு கட்ட வேண்டிவந்தது. வேறு வழியில்லை என்று நர்ஸ் சொன்னாள், அவள் மேல் குற்றமில்லை. நான் உட்கார்ந்திருக்கிற நேரம் அந்தத் துணியை அவிழ்த்துவிட்டு நானே பிடித்துக்கொண்டிருப்பேன். பிறகு வீட்டுக்குக் கொண்டுவந்தோம். என் கணவர் மரக் கட்டிலின் இரண்டு பக்கமும் பலகை அடித்தார். ஊஞ்சல் பலகையைத்தான் அறுத்து அடித்தார். எதை ஆட்டிப் பார்த்தாலும் அசையவில்லை. மாமனாரும்தான்.

அந்தக் கட்டிலில் படுத்தபடி தினமும் காலையில் அவர் என்னிடம் கையை நீட்டினார். “வண்டி வந்தாச்சோ?” விழுந்தது அவருக்கு நினைவில்லை. நான் நகர்ந்தது நினைவில்லை. அதே நம்பிக்கையோடு, பிடித்தேனா என்று பார்க்காமல், கையின் பாரத்தை என் கையில் போட்டார். ஒரு நாளாவது அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தால், ஒரு நாளாவது ‘நீ வேண்டாம், போ’ என்று சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். மன்னிப்பதற்கும் ஓர்மை வேண்டும். அது அவரிடம் இல்லை. நானும் ‘வந்தாச்சு அப்பா’ என்று சொல்லிக் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மழைக்காலத்தில் நெஞ்சில் சளி கட்டி, ஒரு மத்தியான வேளையில் போய்ச் சேர்ந்தார்.

அன்றைக்கு நான் ஒதுங்கி நின்றதைப் பற்றி மாமியார் என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. பிள்ளையிடமும் சொன்னதாகத் தெரியவில்லை. ‘அப்பா தானாகத் தடுக்கி விழுந்தார்’ என்றுதான் என் கணவர் கடைசிவரை நினைத்தார். நான் ஒரு தடவை அவரிடம் சொல்ல வாயெடுத்தபோது மாமியார் உள்ளேயிருந்து, “பால் பொங்கறது பாரு” என்று கூப்பிட்டார். போய்ப் பார்த்தேன். பால் பொங்கவில்லை.

ரேஷன் போகவில்லை, யுத்தம் போயிற்று. வெள்ளைக்காரனும் போனான். ஜன்னல் காகிதத்தைக் கிழித்தோம். மாமியாருக்குக் கால் தளர்ந்தது. ஓர்மை எல்லாம் கல்வெட்டு மாதிரி இருந்தது. முழங்கால்தான் பேச்சுக் கேட்கவில்லை. சாதாரண நாட்களில் என் கையைப் பிடித்துக்கொண்டு குளியலறைக்குப் போவார், என் தோளைப் பிடித்துக்கொண்டு பால்கனியில் வந்து உட்காருவார். எங்களுக்குள் ஒரு மனத்தாங்கலும் இருந்ததாக யாரும் சொல்ல முடியாது. எனக்கே சில மாதங்கள் அது மறந்துகூட இருந்தது.

மாமனாரின் திவசம் ஒன்றில் நான் மடியாக, தண்ணீர்க் குடத்தோடு அதே நடையில் வந்தேன். மாமியார் இன்னும் குளிக்கவில்லை. குளியலறைக்குப் போக அறை வாசலில் வந்து நின்றார். சுவரைப் பிடித்துக்கொண்டிருந்தார், கால் நடுங்கியது.

நான் குடத்தை உடனே கீழே வைத்தேன். இரண்டு கையையும் நீட்டினேன். இந்தத் தடவை யோசிக்கவே இல்லை. இதற்காகத்தான் இத்தனை வருஷம் காத்திருந்தேன் போல இருந்தது.

“நீ மடியாச்சே?” என்றார்.

“பரவாயில்லேம்மா. மறுபடி குளிச்சுக்கறேன். பிடிச்சுக்கோங்கோ.”

அவர் என் கைகளைப் பார்த்தார். கோபம் இல்லை அந்த முகத்தில், சத்தியமாக இல்லை. சுவர்ப் பக்கம் திரும்பி, கைப்பிடிக் கட்டையில் நான் உலர்த்தியிருந்த துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். கட்டையை ஒரு தடவை ஆட்டிப் பார்த்தார், பிள்ளை ஞாயிற்றுக்கிழமைகளில் ஆட்டிப் பார்த்த மாதிரியே.

“இது நகராது” என்றார். அதைப் பிடித்துக்கொண்டு, நீட்டியிருந்த என் கைகளைத் தாண்டி, மெல்ல நடந்து போனார்.